மீதி அரை பாட்டில்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

பதினோரு முறை போன் செய்துவிட்டேன். ஒரே ஒரு முறை சின்னவள் எடுத்தாள். "அம்மா வேலைக்குப் போயிருக்காங்க அத்தை" என்றாள். பின்னால் நீங்கள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

பெரியவளை எடுத்துக்கொண்டு போன அன்று, எல்லார் முன்னாலும் என் வலது கையைப் பிடித்துத் தூக்கி, "இந்தக் கைதான் என் பிள்ளையைக் கொன்னது" என்றீர்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கும் நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் அதற்குப் பதில் எழுத உட்காரவில்லை.

சின்னவளுக்காக எழுதுகிறேன். ஜூனில் அவளுக்குப் பன்னிரண்டு முடிகிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தக் குமிழிச் சிகிச்சையின் இரண்டாம் சுற்றைத் தொடங்குகிறார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து சேர்த்துக்கொள்கிறார்கள். பெரியவள் சேர்ந்த முதல் சுற்றில் சீட்டுக் குலுக்கல் இருந்தது, சிலருக்கு மருந்து, சிலருக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் மருந்து என்று. இந்தச் சுற்றில் குலுக்கல் கிடையாது. வருகிற எல்லாருக்கும் உண்டு. முதல் சுற்றில் சிலருக்கு ரத்தத்தில் மஞ்சள் பாதியாக இறங்கியிருக்கிறது அண்ணி. ஒரு பெண் அந்த மஞ்சளைக் குறைக்கத் தினமும் பன்னிரண்டு மணி நேரம் நீல விளக்கடியில் கிடந்தவள், இப்போது நாலு மணி நேரம் போதும் என்று எழுந்து காலேஜுக்குப் போகிறாள். நானே பார்த்தேன்.

வயது ஏற ஏறத் தோல் தடித்து, நீல வெளிச்சம் உள்ளே இறங்காது. அதைப் பெரியவளிடம் பார்த்துவிட்டோம். சின்னவளுக்கு இன்னும் நாலைந்து வருஷம் தாங்கும். அந்த வருஷங்களை நாம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தே கழித்துவிட வேண்டாம்.

மே முடிவதற்குள் தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட வேண்டும். அண்ணனிடம் கேட்டேன். "அவளைக் கேளு" என்று வைத்துவிட்டார். கேட்கிறேன்.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 19

உன் கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. நான் எட்டாவதோடு நின்றவள், எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

பதினாறாம் நாளே வேலைக்குப் போய்விட்டேன். சலவைக் கூடத்தில் விடுதி விரிப்புகளை மலை மலையாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். தேய்க்கிறேன், மடிக்கிறேன், அடுக்குகிறேன். பழசாகிப் போன வெள்ளை விரிப்புகளை அங்கிருந்துதான் கேட்டு வாங்கி வருவேன், ஞாபகம் இருக்கிறதா? விளக்கடியில் வெள்ளைதான் விரிக்க வேண்டும், அப்போதுதான் வெளிச்சம் திரும்பி முதுகில் படும் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு வாங்குவேன். போன வாரமும் மேஸ்திரி பழக்கத்தில் நாலு எடுத்து வைத்திருந்தார். இரண்டைத் திருப்பிக் கொடுக்க வாய் வரவில்லை. நாலையும் கொண்டுவந்துவிட்டேன்.

ஒரே அறைக்குள் இரண்டு விளக்குச் சட்டம். ஒன்று எரிகிறது, ஒன்று எரியவில்லை. உன் அண்ணன் அதைக் கழற்றி வைக்கலாமா என்று கேட்டார். கழற்றித்தான் பாருங்களேன் என்றேன். சின்னவள் தன் சட்டத்துக்குள் படுத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்க்கிறாள். அக்காவும் தங்கையும் தங்களைப் பெரிய எலுமிச்சை, சின்ன எலுமிச்சை என்று சொல்லிக்கொள்வார்கள். தெருவில் யாராவது "ஏம்மா கண்ணெல்லாம் இப்படி மஞ்சளா இருக்கு?" என்று கேட்டால், "சீசனுங்க, இன்னும் நல்லா பழுக்கும்" என்பாள் பெரியவள். இப்போது சின்னவள் அந்தப் பெயரை வாயிலேயே எடுப்பதில்லை.

நீ வந்து எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பேசினாய். "பயப்படாதீங்க அண்ணி, சோடால வர்ற குமிழி மாதிரிதான், அதைவிட ரொம்பச் சின்னது. அது மேல மருந்தை ஏத்தி ரத்தத்துல விடுவோம். உடம்பு பூரா சுத்திட்டு வரும். நான் எங்க கருவியைப் பிடிக்கிறேனோ அங்க மட்டும் உடைஞ்சு மருந்து இறங்கும்" என்றாய். பெரியவள் கைதட்டினாள். நானும் நம்பினேன். இப்போது கடையில் யாராவது சோடா திறந்தால் அந்தச் சத்தத்துக்கே வாங்க வந்ததை வாங்காமல் திரும்பிவிடுகிறேன். ஏன் என்று கேட்காதே.

ஒரு பிள்ளையை உங்கள் படுக்கையில் படுக்க வைத்தாயிற்று. எட்டு மாதத்தில் காய்ச்சல் வந்தது, மஞ்சள் மூளைக்கு ஏறியது, போய்விட்டாள். இருக்கிற ஒன்றை நான் தர மாட்டேன். நாலு வருஷமோ ஐந்து வருஷமோ, என் கண் முன்னால் இருக்கட்டும்.

இனிமேல் இதைப் பற்றி எழுதாதே.

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்றை எழுதாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் எழுதுகிறேன். எனக்குக் கொஞ்சம் தைரியம் வர வேண்டும். ரத்தத்தில் சேரும் மஞ்சளைக் கழித்து வெளியே தள்ளுவது கல்லீரல். எப்படிக் கழிப்பது என்ற குறிப்பு அதற்குள்ளேயே இருக்கும். மரபணு என்கிறார்களே, அதுதான். நம் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிறவியிலேயே அந்தக் குறிப்பு இல்லை. குமிழி ஏற்றிக்கொண்டு போவது அந்தக் குறிப்பைத்தான்.

மருந்துக் குப்பியை ஒரு சின்ன இயந்திரத்தில் வைத்துக் குலுக்குவார்கள். முக்கால் நிமிஷத்தில் பால் மாதிரி வெளுத்துவிடும். அதற்குப் பிறகு அதற்கு ஆயுசு ஐந்து நிமிஷம். அதற்குள் நரம்பில் ஏற்றியாக வேண்டும். ஏற்றும்போது நான் வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை அசையாமல் பிடித்து, குமிழியை உடைக்கும் ஒலியை உள்ளே அனுப்பிக்கொண்டு திரையில் கல்லீரலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சொந்தக்காரர்களுக்கு நாங்கள் கை வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது அண்ணி. "அத்தை, நீங்கதான் பிடிக்கணும், வேற யாராவது பிடிச்சா எனக்குக் கூசும், நான் சிரிச்சுடுவேன்" என்றாள் பெரியவள். நான் உறவை யாரிடமும் சொல்லவில்லை. அது முதல் தப்பு.

இரண்டாவது தப்பு இதுதான். குப்பியைக் குலுக்கி முடித்த பிறகு நான் கருவியை வைத்தேன். வலது பக்கம் நன்றாகத் தெரிந்தது. இடது பக்கம் வந்ததும் வெள்ளையாக ஒரு திரை, அதற்குக் கீழே ஒரே கருப்பு. அது காற்று. வயிற்றுக்குள் காற்று நிறைந்திருந்தால் ஒலி அதைத் தாண்டிப் போகாது. குமிழி வந்தாலும் அந்த இடத்தில் உடையாது. வெறும் வயிறாக இருந்தும் ஏன் இவ்வளவு காற்று என்று எனக்குப் புரியவில்லை. நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் குலுக்கிய குப்பி வீண். ஆளுக்கு ஒரு குப்பிதான். அவள் அந்தச் சுற்றிலிருந்தே வெளியே போய்விடுவாள். டாக்டர் ஊசி ஏற்றுவதில் குனிந்திருந்தார். அவளை ஒருக்களிக்க வைத்தேன், அழுத்திப் பார்த்தேன், கருப்பு போகவில்லை. அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் பேசாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் ஒரு தாள் கொடுப்பார்கள். 'படம் முழுவதும் தெளிவாக இருந்ததா?' என்று ஒரு கேள்வி. ஆம் என்று குறித்தேன்.

மாதா மாதம் அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, மஞ்சள் இறங்கவில்லை என்று நீங்கள் போனில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கருப்புதான் கண்ணில் வரும். நீங்கள் சொன்னது சரி அண்ணி. இந்தக் கைதான். அடுத்த திங்கட்கிழமை பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். என் தப்பினால் சின்னவள் கெட வேண்டாம். அந்தச் சிகிச்சையில் பழுது இல்லை, பழுது என்னிடம்.

உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 9

டாக்டரிடம் போகாதே.

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. திங்கட்கிழமை தாண்டிவிட்டதா என்று விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறேன், எண்ணிக்கை நிற்கவில்லை. நீ போயிருக்கக் கூடாது. போகவில்லை என்றால் போகாதே. போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வேறெதையாவது பேசிவிடுவேன். எழுதுகிறேன். இரண்டு நாள் பொறு.

*

ஏப்ரல் 12

மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். சின்னவளின் பள்ளி நோட்டில் இன்னும் நாலு தாள்தான் மீதி.

அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்று உனக்குப் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும்.

குமிழி ஏற்றிய அன்றைக்கு விடிந்ததிலிருந்து பெரியவள் வாயில் எதுவும் படவில்லை. ஒன்பது மணிக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். பதினொன்று ஆயிற்று. அப்புறம் இரண்டு மணி என்றார்கள். நீ உள்ளே இருந்தாய். நாங்கள் அந்த நீளமான வராந்தாவில், பச்சை பெஞ்சில். அவள் உதடு வெடித்திருந்தது. "அம்மா, தலை சுத்துது" என்றாள். நான் விசிறினேன். "அம்மா, தொண்டை ஒட்டிக்குது" என்றாள். பிறகு என் தோளை இடித்து, "அத்தை சோடாக் குமிழின்னுதானே சொன்னாங்க? உள்ள விடப் போறதும் குமிழிதான், கடைல இருக்கிறதும் குமிழிதான். அது என்ன சோறா?" என்று சிரித்தாள்.

வராந்தா முனையில் கடை இருந்தது. சோறு இல்லை, பால் இல்லை, தண்ணீரும் காற்றும்தானே என்று நானும் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு பாட்டில் வாங்கினேன். பாதி குடித்தாள். பெரிய ஏப்பம் விட்டாள். எதிர் பெஞ்சில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். "உள்ள வர்ற குமிழிக்குத் துணைக்கு ஆள் அனுப்பிட்டேம்மா" என்றாள். பெரியவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் மீதிக்குக் கை நீட்டும்போது கதவு திறந்து நர்ஸ் வெளியே வந்தாள். வேறு யாரையோ கூப்பிடத்தான் வந்தாள். "போதும்டி" என்று பிடுங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனேன். மீதியை நான் குடித்துவிட்டு, பாட்டிலைக் குப்பைக் கூடையில் அடியில் தள்ளி மேலே தாளைப் போட்டு மூடினேன். தப்பு என்று தெரியாமலா தூணுக்குப் பின்னால் போனேன்?

நர்ஸ் கேட்டாள், "ஏதாவது சாப்பிட்டாளாம்மா?" என்று. "பச்சைத் தண்ணிகூட இல்லம்மா" என்றேன். பெரியவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லக் கூடாது என்று நான் அடித்து வளர்த்த பிள்ளை. எனக்காக வாயை மூடிக்கொண்டது.

உள்ளே உன்னைப் பார்த்துக் கண்ணடித்தாள் என்று எழுதினாயே, அது இதற்காகத்தான் இருக்கும்.

எட்டு மாதம் ரத்தம் எடுத்த ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரியும். சில பிள்ளைகளுக்கு இறங்குகிறது, இவளுக்கு ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் தலையைச் சொறிந்தார். எனக்குத் தெரியும். உன் அண்ணன் பக்கத்து வீட்டுக்காரரிடம், "என்ன இருந்தாலும் என் தங்கச்சி கையால நடந்தது, வீண் போகாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று எல்லார் முன்னாலும் உன் கையைத் தூக்கிக் காட்டினேன். என் கையை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான். நீ திருப்பி ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

நீ ஏன் உன் வேலையைக் கெடுத்துக்கொள்கிறாய்? கேட்டால் தாய்தான் கொடுத்தாள் என்று சொல்லிவிடு. இந்தக் கடிதத்தையே காட்டு.

சின்னவளை அனுப்ப மாட்டேன் என்றதும் இதனால்தான். உன் மேல் சந்தேகம் இல்லை. மறுபடியும் அந்த பெஞ்சில் ஒரு பிள்ளையோடு உட்கார என்னை நம்பி யார் விடுவார்கள்? என்னாலேயே என்னை நம்ப முடியவில்லை.

*

மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது.

'போகாதே' என்று நீங்கள் எழுதுவதற்கு இரண்டு நாள் முன்பே நான் போய்விட்டேன். பெரிய டாக்டர் முழுவதும் கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உறவை மறைச்சீங்க, சரி. படத்தையும் மறைச்சீங்களே" என்றார். அன்றே அந்த அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது மூன்றாம் மாடியில் கர்ப்பிணிகளுக்குப் படம் எடுக்கிறேன். திரையில் கை காட்டி, "இதோ பாருங்க, விரல் சூப்புது" என்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள்.

உங்கள் பெரிய கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். யாரிடமும் காட்டவில்லை. சோடா மாதிரி என்று உங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சொன்னது யார்? நான்தானே. வெறும் வயிறு என்று சொன்னேன். காற்று ஏன் ஆகாது என்று சொல்லாமல் விட்டேன். பயப்படாமல் இருக்க வேண்டும் என்று எளிதாகச் சொல்லப் போய், வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு எளிதாக்கிவிட்டேன்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நான் சொன்ன பிறகு விசாரணை வைத்தார்கள். யாருக்கு எந்தக் குப்பி போனது என்று எழுதிய உறைகள் ஒட்டிப் பெட்டியில் இருக்கும். சுற்று முடியும்வரை டாக்டரே பிரிக்கக் கூடாது. விசாரணைக்காகப் பெரியவளின் உறையை மட்டும் பிரித்தார்கள்.

அவளுக்குப் போனது வெறும் குமிழி அண்ணி. மேலே மருந்து ஏற்றாத குப்பி. அந்தச் சீட்டுக் குலுக்கலில் அவளுக்கு விழுந்தது ஒரு வருஷம் பொறுக்கிற பக்கம். அந்தப் பக்கத்தாருக்கும், யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாதபடி, முதலில் வெறும் குமிழியை ஏற்றுவார்கள். நிஜ மருந்துக்கு அவள் முறை வரும் ஜூன் பன்னிரண்டு. அவள் நாலு மாதம் முந்திப் போய்விட்டாள்.

நீங்கள் கொடுத்த சோடா எதையும் தடுக்கவில்லை. நான் மறைத்த கருப்புக்குப் பின்னால் போய்ச் சேர ஒன்றுமே இல்லை. மூன்று நாளாக இதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இது உங்களுக்கு நிம்மதியா, இல்லை இன்னொரு அடியா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. அதைக் கேட்டுவிட்டுப் படியிறங்கும்போது ஒரு நிமிஷம் மனசு லேசானது. அப்படி லேசானதற்காக அடுத்த நிமிஷமே என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்தும் உங்களுக்குத் தாள் வரும். அதற்கு முன்னால் என் கையெழுத்தில் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

சின்னவள் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது. கருவியைப் பிடிக்கப் போவது நான் இல்லை.

உங்கள் நாத்தனார்

*

மே 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைச் சலவைக் கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டேன். வீட்டில் பிரிக்கத் தைரியம் இல்லை. 'வெறும் குமிழி' என்ற இடத்துக்கு வந்தபோது இஸ்திரிப் பெட்டியை விரிப்பின் மேலேயே வைத்துவிட்டு நின்றிருக்கிறேன். தீய்ந்த வாடைக்கு மேஸ்திரி ஓடிவந்தார். "என்னம்மா, கண்ணைத் திறந்துகிட்டே தூங்குறியா?" என்றார். ஆமாங்க என்றேன். விரிப்பில் பெட்டி அச்சு அப்படியே விழுந்துவிட்டது.

அன்றைக்கே உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெஞ்சு, சோடா, தூண், நர்ஸிடம் சொன்ன பொய், எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் ரொம்ப நேரம் வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "அவளுக்கு ரொம்பத் தாகமா இருந்துச்சா?" ஆமாம் என்றேன். "சரி" என்று வெளியே போய்விட்டார். உன்னிடம் அவர் கோபமாக இல்லை. பேசத் தெரியாமல் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிடு, எடுக்கச் சொல்கிறேன்.

சின்னவளுக்கும் தெரிந்துவிட்டது. நான்கு சுவருக்குள் எதைத்தான் மறைப்பது. "அக்காவுக்கு வெறும் குமிழிதானாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். சட்டத்துக்குள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். விளக்கு வெளிச்சத்தில் அவள் முதுகு நீலமாக ஏறி இறங்கியது. கொஞ்சம் கழித்து, "அப்ப அக்கா அவ்வளவு நேரம் ஒண்ணும் குடிக்காம இருந்தது சும்மாவா?" என்றாள். பெரியவளாக இருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாள்.

பிறகு அவளே சொன்னாள், "நான் போறேம்மா. எனக்குக் குலுக்கல் இல்லைன்னாங்களே" என்று.

தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது, என் கையெழுத்தே அப்படித்தான். தேதி முடிவானதும் எழுது. எத்தனை மணியிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கலாமா, வாய் கொப்பளிக்கலாமா, எச்சில் விழுங்கலாமா என்று ஒவ்வொன்றையும் எழுது. எதைப் போலவும் சொல்லாதே. உள்ளதை உள்ளபடி எழுது, எனக்குப் புரியும். புரியாவிட்டால் திரும்பக் கேட்பேன்.

கருவியை வேறு யாரோ பிடிக்கட்டும். நீ அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வெளியே அந்தப் பச்சை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார். நான் எழுந்து கடைப் பக்கம் போனால் என் கையைப் பிடித்து உட்கார வை. உன் கையை அன்று நான் பிடித்த மாதிரி இல்லை. கொஞ்சம் மெதுவாக.

நீ நிம்மதியா அடியா என்று கேட்டாய். கொடுத்ததற்காக இத்தனை மாதம் அழுதேன். அந்த அழுகை உன் கடிதத்தோடு நின்றுவிட்டது. இப்போது வேறு ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. வெறும் குமிழி என்று மட்டும் தெரிந்திருந்தால் முழுசையும் அவளுக்கே கொடுத்திருப்பேன். இன்னொன்றும் வாங்கிக் கொடுத்திருப்பேன். கை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் பிடுங்கினேன். மீதி அரை பாட்டிலைத் தூணுக்குப் பின்னால் நின்று நான் குடித்தேன். எனக்குத் தாகமே இல்லை.

உன் அண்ணி